லயனல் பீல்டனும் நமது வானொலியும்

அந்நிய ஆட்சிக் காலத்தில் உத்தியோகம் பார்ப்பதற்காக இந்நாட்டுக்கு வந்த ஆங்கிலேயர் ஆயிரக்கணக்கானவர். அவர்களிற் பெரும்பாலோர் காலத்தைக் கழித்து, பென்ஷன் பெற்று, கப்பலேறினர். வந்த காரியத்தில் தாம் தோற்றோம் என்று தம் கையாலேயே எழுதி வைத்து, தம்மை அனுப்பிய சாம்ராஜ்யத்தின் மீதே குற்றப்பத்திரிகை படித்தவர் மிகச் சிலர். 1935 முதல் 1940 வரை இந்திய ஒலிபரப்பு இலாகாவுக்குத் தலைவராயிருந்த மிஸ்டர் லயனல் பீல்டன் அச்சிலரில் ஒருவர். சென்னை, திருச்சி நிலையங்கள் இவர் காலத்தில் எழுந்தவை. ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயர் வழங்கத் தொடங்கியதும் இவர் காலத்திலேதான். ஆயினும் இவர் செய்தது அனைத்தும் நமக்கு நன்மையாகவே முடிந்தது என்று நாம் சொல்வதற்கில்லை.

வானொலி இந்நாட்டுக்குச் சர்க்கார் அளித்த தானமன்று என்பதை முதலில் நினைவூட்ட விரும்புகிறோம். பீல்டன் பம்பாய்த் துறைமுகத்தில் கால் வைப்பதற்குப் பதினோராண்டுகளுக்கு முன்பே சென்னையில் பாட்டும் பேச்சும் வான்வழியே சென்றுகொண்டிருந்தன. ஸ்ரீ ஸி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924 மே 16ஆம் தேதி சென்னை மாகாண ரேடியோ சங்கம் தோன்றிற்று. அவ்வாண்டு ஜூலை 31ஆம் தேதி அது ஒலிபரப்பத் தொடங்கிற்று. முதலில் வைத்திருந்த கருவியின் சக்தி 40 வாட். பின்னர் 200 வாட்டாக உயர்ந்தது. ஒரு வீட்டு விளக்கு எரிவதற்கு வேண்டிய மின்சாரத்தைக் கொண்டு ஒரு நகரத்துக்குச் சங்கீதம் கேட்பிக்கத் துணிந்தவர்களின் ஊக்கத்தை என்னென்பது! மாலை தோறும் சுமார் இரண்டரை மணி நேரம் நிகழ்ச்சி நடந்தது. செலவோ அங்கத்தினரின் சந்தாவைக் கொண்டே நடக்கவேண்டியிருந்தது. வானில் பரவும் ஒலிக்கு வேலி கிடையாது; சந்தா கொடுத்தவனும் கேட்பான், கொடாதவனும் கேட்பான். இந்த இடையூற்றை வெல்ல முடியாமல் 1927 அக்டோபரில் சங்கம் ஒலிபரப்பை நிறுத்திற்று. ஆனால் கருவி வீணாகவில்லை. சங்கம் அதைச் சென்னைக் கார்ப்பொரேஷனிடம் ஒப்புவித்தது. 1930 ஏப்ரல் முதல் தேதி நகரசபை தன் சொந்த ஒலிபரப்பை ஒழுங்காகத் தொடங்கிற்று.

அந்த நகரசபை நிலையத்தைப் பற்றி இரண்டொரு வார்த்தை அதிகமாகவே சொல்லுவோம். ஏனெனில் பின்னர் வந்த பெரிய அமைப்பின் நிழலில் அது மறக்கப்பட்டுவிட்டது. மாலை வேளையில் சங்கீதமும் பேச்சும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கதையும் சங்கீதப் பாடமும் அதில் இடம்பெற்றன. கடற்கரை, மக்கள் பூங்கா, ராபின்ஸன் பூங்கா முதலிய பொதுவிடங்களில் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. பெட்டி வாங்க வசதியற்ற கூலிக்காரனும், காற்று வாங்க வந்த குமாஸ்தாவும் மணலில் அமர்ந்து கச்சேரி கேட்டனர். குழாய்த் தண்ணீரும் தெருவிளக்கும் போலச் சங்கீதத்தையும் ஊரார் அனைவருக்கும் பொதுவாக ஒரு நகரசபை வழங்கிற்று என்பது சாமானியமான விஷயமன்று.

மற்ற ஊர்களில் நடந்தது வேறு. 1927 ஜூலை 23ஆம் தேதி பம்பாயிலும், ஆகஸ்ட் 26ஆம் தேதி கல்கத்தாவிலும் இந்திய ஒலிபரப்புக் கம்பெனி என்ற தனியார் ஸ்தாபனம் நிலையங்களைத் திறந்தது. ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோவாட் சக்தியுள்ளது. ஆண்டுக்கு ரூ.10 லைசென்ஸ் கட்டணம். அதில் பெரும்பகுதி கம்பெனிக்கு. லைசென்ஸ் வாங்கியோர் தொகை சில ஆயிரங்களைத் தாண்டவில்லை. மூன்றாண்டு நிரம்புவதற்குள் கம்பெனி திவாலாயிற்று. 1930 ஏப்ரலில் சர்க்கார் அதை ஏற்றது. 1931 அக்டோபரில் மூடிவிடத் தீர்மானித்தது. ஜனங்கள் கூக்குரலிட, நவம்பரில் மீண்டும் நடத்த இசைந்தது. விருப்பமின்றி வளர்த்த பிள்ளை எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது சர்க்கார் வானொலி. லண்டனில் பி.பி.ஸி.யை வளர்த்த ஸர் ஜான் ரீத் இந்தியாவில் ஒலிபரப்பு வேரூன்ற வேண்டுமென்று பன்முறை வற்புறுத்தியிராவிடில், இவ்விலாகா இன்னும் பல ஆண்டுகள் தூங்கியே கிடந்திருக்கும். ரீத் பொறுக்கி அனுப்பிய மனிதரே பீல்டன்.

பீல்டன் 1896ஆம் ஆண்டு பிறந்தவர். ஈடனிலும் ஆக்ஸ்போர்டிலும் கல்வி கற்றவர். முதல் உலக யுத்தத்தில் கலிபோலிப் போர்முனையைக் கண்டவர். யுத்தத்துக்குப் பின்னர் சர்வதேச சங்கத்திலும், கிரீஸ் முதலிய இடங்களில் அகதிகளுக்கு உதவும் பணியிலும் சில காலம் கழித்தார். 1927இல் பி.பி.ஸி.யில் சேர்ந்து, ஹில்டா மாதிஸன் அம்மையார் தலைமையிலிருந்த பேச்சுப் பகுதியில் வேலை பழகினார். அவ்வம்மையார் மேடைப் பிரசங்கத்தைப் போலன்றி, எதிரே இருப்பவரோடு உரையாடுவது போல ஒலிவாங்கியின் முன் பேசவேண்டும் என்ற முறையை நிலைநாட்டியவர். அந்தப் பள்ளியில் பயின்றவருக்குச் செக்ரடேரியட்டின் தாள்கட்டு நடைமுறை எவ்வளவு கசந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1935 ஆகஸ்ட் 30ஆம் தேதி அவர் பதவி ஏற்றார். அவருக்கு மேலே கைத்தொழில், தொழிலாளர் இலாகா. அதற்கு மேலே பொக்கிஷ இலாகா. ஓர் எழுதுகருவி வாங்கவும் பல மேஜைகளைக் கடந்து அனுமதி வரவேண்டும். அவருக்கோ அவசரம். 1936 ஜனவரி முதல் தேதி டில்லியில், அலிப்பூர் ரோட்டில் ஒரு வாடகை வீட்டில், 20 கிலோவாட் நிலையம் ஒலிபரப்பத் தொடங்கிற்று. தாமறியாத மொழிகளில், தாமறியாத சங்கீதத்தை, தாமறியாத கோடிக்கணக்கான ஜனங்களுக்கு வழங்கவேண்டிய நிலையில் அவர் இருந்தார். இதை அவரே உணர்ந்திருந்தார். ஆகவே இந்தியரைத் தேடித் தேடிச் சேர்த்தார். லாகூர்க் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவரும், பத்ரஸ் என்ற புனைபெயரால் உருது உலகில் புகழ்பெற்ற நகைச்சுவை எழுத்தாளருமான அகமது ஷா புகாரியையும், அவர் தம்பி ஜுல்பிகார் அலி புகாரியையும் உயர்ந்த ஸ்தானங்களில் அமர்த்தினார். பி.பி.ஸி. என்றால் புகாரி பிரதர்ஸ் கார்ப்பொரேஷன் என்று டில்லியில் பரிகாசம் பிறந்தது. ஆனால் பீல்டன் 1940இல் விலகியபோது மூத்த புகாரியே அவ்விலாகாவின் தலைவரானார். வெள்ளையரன்றி வேறொருவர் தலைமைப் பதவிக்குத் தகார் என்ற பேச்சுக்கு இது நல்ல விடை.

இலாகாவுக்கு இந்திய சர்க்கார் ஒலிபரப்பு சர்விஸ் என்று ஒரு நீண்ட பெயர் இருந்தது. பீல்டனுக்கு அது சிறிதும் பிடிக்கவில்லை. சர்க்கார் என்ற சொல்லைக் கேட்டவுடனே ஜனங்கள் பெட்டியை மூடிவிடுவர் என்பது அவர் கருத்து, அதில் தவறில்லை. காரியாலய வழியே போனால் காலந்தாழும் என்றறிந்து, ஒரு விருந்தில் ராஜப்பிரதிநிதி லின்லித்கோ பிரபுவை நெருங்கி, தமக்கு ஒரு பெயர் வேண்டும் என்று முறையிட்டதாகவும், தம் மனத்திலிருந்த பெயரையே பிரபுவின் வாயிலிருந்து வரச்செய்ததாகவும் தம் சுயசரிதத்தில் கூறுகிறார். 1936 ஜூன் 8ஆம் தேதி முதல் அது ஆல் இந்தியா ரேடியோ ஆயிற்று. அப்பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் காற்று என்று பொருள்படும். மைசூரில் 1935 செப்டம்பரில் பேராசிரியர் எம். வி. கோபாலஸ்வாமி தம் இல்லத்திலேயே ஒரு சிறு நிலையம் அமைத்து, அதற்கு ஆகாசவாணி என்று பெயரிட்டு நடத்திவந்தார். அழகிய அச்சொல்லைச் சர்க்கார் மேற்கொண்டது 1957ஆம் ஆண்டில்தான். தமிழரோ வானொலி என்ற தம் சொல்லையே பேணிக்கொண்டனர்.

இனி, பீல்டன் எதிர்கொண்ட பெரிய கேள்விக்கு வருவோம். பணம் சில பத்து லட்சம் ரூபாய். தேசமோ ஒரு கண்டம். பி.பி.ஸி.யிலிருந்து கிர்க் என்ற நிபுணர் 1936இல் வந்து திட்டம் வகுத்தார். பின்னர் கோய்டர் என்ற பொறியியலாளர் தலைமைப் பொறுப்பேற்று அதனை மாற்றியமைத்தார். விஷயம் இதுதான். மத்திய அலை தரையைத் தழுவிச் செல்வது. நிலையத்துக்கு அருகிலுள்ளோர்க்குத் தெளிவாய்க் கேட்கும், தூரம் செல்லச் செல்ல மங்கும். நமது நாட்டில் கோடை இடியும் மின்னலும் அதனோடு இரைச்சலைக் கலக்கும். சிற்றலை அங்ஙனமன்று; வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பிப் பல நூறு மைல்களுக்கப்பால் இறங்கும். ஆனால் அதன் ஒலி நிலைத்து நில்லாது. சிலபோது ஓங்கும், சிலபோது அடங்கும். அதைப் பிடிப்பதற்கு விலையுயர்ந்த பெட்டியும் வேண்டும். சில நகரங்களுக்கு நல்ல ஒலியா, அன்றித் தேசமனைத்துக்கும் நடுத்தரமான ஒலியா? கோய்டர் பின்னதைத் தேர்ந்தார், பீல்டன் இசைந்தார். டில்லி, பம்பாய், சென்னை, கல்கத்தா ஆகிய நான்கிடங்களிலும் 1937, 1938ஆம் ஆண்டுகளில் சிற்றலைக் கருவிகள் நிறுவப்பட்டன. இத்தீர்மானத்தை நாம் குறைகூறமாட்டோம். கையிலிருந்த பணத்துக்கு இதனினும் சிறந்த வழி அன்று இல்லை. ஆனால் உள்ளூர் வானொலி என்ற கருத்து இதனால் பல்லாண்டு பின்தள்ளப்பட்டது என்பதையும் மறைக்கலாகாது.

சென்னைக்கு நேர்ந்ததே இதற்குச் சான்று. 1938 ஜூன் 16ஆம் தேதி எழும்பூர் மார்ஷல்ஸ் ரோட்டில் ஈஸ்ட் நூக் என்ற வீட்டிலிருந்து ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையம் ஒலிபரப்பத் தொடங்கிற்று. கார்ப்பொரேஷன் நிலையத்தின் காலம் அத்துடன் முடிவுற்றது. அப்போது மாகாணத்தில் ராஜாஜியின் காங்கிரஸ் மந்திரிசபை நடைபெற்று வந்தது. ஜனங்கள் தேர்ந்தெடுத்த மந்திரிகள் கோட்டையில் இருக்க, மாகாணத்தின் வானொலி மட்டும் டில்லியின் ஆணைக்கு உட்பட்டிருந்தது. 1935ஆம் வருஷத்து இந்திய சர்க்கார் சட்டத்தின் 129ஆம் பிரிவு, மாகாணங்கள் தமக்குச் சொந்தமாக ஒலிபரப்பு நடத்த விரும்பினால் நியாயமின்றி மறுக்கலாகாது என்று விதித்தது. அந்தப் பிரிவு ஏட்டிலேயே நின்றது. பல சமையற்காரர் கூடினால் சோறு குழையும் என்பது போலப் பீல்டன் எண்ணினார். ஒரே தலைமை, ஒரே திட்டம் என்பதே அவர் கொள்கை. பி.பி.ஸி.யின் தன்னாதீனத்தை நாடி வந்தவர், அந்தத் தன்னாதீனம் இல்லாத இடத்தில் மையக் குவிப்பை மட்டும் வளர்த்துவிட்டுப் போனார். அவருடைய வாழ்க்கையின் பெரிய முரண்பாடு இதுவேயாகும்.

திருச்சி நிலையம் 1939 மே 16ஆம் தேதி தொடங்கிற்று. 5 கிலோவாட் மத்திய அலை. சோழ நாட்டின் நாதஸ்வரமும் வாய்ப்பாட்டும் பிறந்து வளர்ந்த மண்ணின் நடுவே ஒரு நிலையம் அமைந்தது நமது சங்கீதத்துக்குக் கிடைத்த பெரும் பேறு. கோயில் உற்சவத்திலும் மிராசுதார் வீட்டுக் கல்யாணத்திலும் பட்டணத்துச் சபைகளிலும் அடைபட்டிருந்த கச்சேரி, கிராமபோன் தட்டின் மூன்று நிமிஷத்தில் சுருங்கியிருந்த ராகம், விரிந்து வெளியே வந்தது.

எனினும் யாருக்கு வந்தது என்று பார்ப்போம். இராஜபாளையத்தை அடுத்த சோழபுரம் போன்றதோர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சி அங்கிருந்து நேர்க்கோட்டில் நூறு மைலுக்கு மேற்பட்டது. 5 கிலோவாட் மத்திய அலை பகலில் அவ்வளவு தூரம் தெளிவாய் எட்டுவது அரிது. இருட்டிய பின்னரே, வானடுக்கு அவ்வலையையும் திருப்பி அனுப்புமாதலால், ஒலி துலங்கும். மின்சாரம் எட்டாத ஊரில் பெட்டி பாட்டரியைக் கொண்டே பேசவேண்டும். பாட்டரி வற்றினால் அதைச் சுமந்து மின்சாரமுள்ள ஊருக்குச் சென்று ஏற்றிவர வேண்டும். திரும்பி வரும்வரை பெட்டி ஊமை. வெளிநாட்டுப் பெட்டியின் விலையோடு இறக்குமதி வரியும் சேரும். ஆண்டுக்கு ரூ.10 லைசென்ஸ் என்பது கரிசற் காட்டில் பருத்தி எடுப்பவருக்குப் பல நாட் கூலி. 1933ஆம் வருஷத்துச் சட்டமோ லைசென்ஸ் இன்றிப் பெட்டி வைத்திருப்பதே குற்றம் என்றது. கிராமச் சாவடிகளில் பொதுப்பெட்டி வைத்துக் காப்பது மாகாண சர்க்கார்களின் பொறுப்பாக விடப்பட்டது. பெட்டி வைப்பது எளிது, பழுது பார்ப்பதுதான் அரிது. 1939 முடிவில் 35 கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழ்ந்த இந்நாட்டில் வானொலி லைசென்ஸ் தொகை ஒரு லட்சத்தைக்கூட எட்டவில்லை. அதே காலத்தில் பிரிட்டனில் அது சுமார் 90 லட்சம். தென்கோடி ஜில்லாக்களுக்கு அண்மையில் ஒரு நிலையம் வேண்டும் என்ற குறை 1963 டிசம்பரில் திருநெல்வேலி நிலையம் தோன்றியபோதுதான் தீர்ந்தது.

பீல்டன் இந்த எண்களை ஒளித்துவைக்கவில்லை. 1940இல் வெளியான அறிக்கையில், தமது இலாகாவின் குறைகளை ஒரு சர்க்கார் அதிகாரி எழுதத் துணியாத வகையில் எடுத்துரைத்தார். பணம் போதாது, மொழிகள் பல, பத்திரிகைகள் பகையாய் இருக்கின்றன, ஜனங்கள் சந்தேகிக்கின்றனர் என்று அதில் விளங்கிற்று. சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. அரசியல் விவாதத்துக்கு அவ்வானொலியில் இடமே கிடையாது. தேசம் முழுவதும் சுதந்திரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, அச்சொல்லைத் தவிர மற்றதெல்லாம் பேசும் பெட்டியை யார் நம்புவர்? செய்தி மொழியிலும் தகராறு. ஹிந்துஸ்தானி என்று டில்லி வழங்கியதை ஹிந்திப் பற்றாளர் உருது என்றனர், உருதுப் பற்றாளர் ஹிந்தி என்றனர். 1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டவுடன் சர்க்காருக்கு வானொலியின் மீது திடீரென்று பாசம் பிறந்தது; அதுவரை மறுக்கப்பட்ட வசதிகள் பிரசாரத்தின் பொருட்டு வந்தன. டில்லியிலிருந்து தமிழிலும் செய்தி அறிக்கை கேட்கத் தொடங்கியது அக்காலத்திலேதான்.

ஹார்மோனியத்தின் கதையை இங்கே விட்டுவிட மனம் வரவில்லை. நமது நாடக மேடை ஹார்மோனியத்தால் வளர்ந்தது. அதன் கட்டைகளுக்கிடையே கமகத்துக்கும் நுண்சுருதிக்கும் வழியில்லை என்பது சங்கீத விற்பன்னர் பலரின் குறை. கவி ரவீந்திரநாத தாகூரும் அதை வெறுத்தார். டில்லி நிலையத்தில் மேனாட்டுச் சங்கீதப் பகுதியை நடத்திய ஜான் போல்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் 1938இல் அதைத் தாக்கி எழுதினார். 1940 மார்ச் முதல் ஆல் இந்தியா ரேடியோ ஹார்மோனியத்துக்குத் தடை விதித்தது. முப்பது ஆண்டுக்கு மேல் நீடித்த பின்னரே அத்தடை தளர்ந்தது. தடைக்குச் சொன்ன காரணம் சாஸ்திர முறைப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒரு வாத்தியம் வாழ்வதும் வீழ்வதும் ரஸிகர் சபையில் தீர்மானமாக வேண்டுமேயன்றி ஒரு காரியாலயச் சுற்றறிக்கையாலன்று. ஒரே நிலையத்தார் தேசத்தின் செவி முழுவதையும் கையில் வைத்திருந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

உடல் நலமும் உள்ள உற்சாகமும் குன்றி 1940இல் பீல்டன் இங்கிலாந்து சென்றார். சில காலம் பி.பி.ஸி.யில் இந்தியருக்கான ஒலிபரப்பைக் கவனித்தார். இளைய புகாரியும் அங்கே சென்று சேர்ந்தார். 1943இல், காந்தியடிகளும் காங்கிரஸ் தலைவர்களும் சிறையிலிருக்க, வங்காளத்தில் பஞ்சம் மக்களை வாரிக்கொண்டு போன அவ்வருஷத்தில், பீல்டன் பெக்கர் மை நெய்பர் என்ற நூலை லண்டனில் வெளியிட்டார். பிரிட்டன் இந்தியாவைச் சுரண்டி வறுமையில் ஆழ்த்திற்று என்றும், வெளியேறுவதே நியாயம் என்றும் அதில் வாதித்தார். யுத்தகாலத்து லண்டனில், ஐந்தாண்டு இந்திய சர்க்காரின் உப்பைத் தின்றவர் இவ்வாறு எழுதுவது எளிய காரியமன்று. அப்போது பி.பி.ஸி.யின் கிழக்குப் பகுதியில் வேலை பார்த்த ஜார்ஜ் ஆர்வெல் அந்நூலை ஹொரைஸன் பத்திரிகையில் கடுமையாக மதிப்பிட்டார். பீல்டனும் அதே கடுமையுடன் பதிலிறுத்தார். இந்தியாவை ஆன்மிகத்தின் உறைவிடமாகவும் மேனாட்டை யந்திரப் பேயாகவும் பீல்டன் வரைந்தது மிகை என்ற ஆர்வெலின் கருத்தை நாமும் மறுக்கமாட்டோம். ஆனால் அடிமைப்பட்ட நாட்டார் பக்கம் நின்று மிகையாய்ப் பேசியவரை, எதிர்ப்பக்கம் நின்று அளவாய்ப் பேசியவர்களைவிட நாம் அதிகமாகவே மதிக்கிறோம்.

யுத்தத்தின் பிற்பகுதியில் நேச நாடுகளின் அலுவலராக இத்தாலிக்குச் சென்றார். அந்நாடே அவருக்குப் பிடித்துப்போயிற்று. பிளாரன்ஸ் நகருக்கருகே குடியேறினார். 1960இல் தி நாச்சுரல் பென்ட் என்ற சுயசரிதத்தை வெளியிட்டார். இந்தியாவில் ஒலிபரப்பைப் பரப்பும் முயற்சியில் தாம் படுதோல்வி அடைந்ததாகவே அதில் தீர்ப்பளித்துக் கொண்டார். 1974இல் காலமானார். தீர்ப்பு சற்றுக் கடுமை என்றே நமக்குத் தோன்றுகிறது. 1947 ஆகஸ்டில் சுதந்திர இந்தியாவின் கைக்கு வந்த நிலையங்கள் ஆறு: டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லட்சுமணபுரி, திருச்சி. லாகூரும் பெஷாவரும் டாக்காவும் பாகிஸ்தானுக்குப் போயின. இந்த ஒன்பதில் பம்பாயும் கல்கத்தாவும் நீங்கலாக மற்றவையெல்லாம் அவர் காலத்தில் எழுந்தவை அல்லது அவர் காலத்தில் இலாகாவின் கைக்கு வந்தவை.

அவ்வாண்டு நவம்பர் 12ஆம் தேதி, குருக்ஷேத்திர முகாமிலிருந்த அகதிகளுக்காகக் காந்தியடிகள் டில்லி வானொலி நிலையத்துக்கு நேரில் வந்து பேசினார். அவர் அந்நிலையத்துள் அடிவைத்தது அந்த ஒரே முறைதான்.

ஆட்சி மாறிய பின்னரும் அமைப்பு மாறவில்லை. வானொலி சர்க்கார் இலாகாவாகவே நீடித்தது. 1966இல் சந்தா குழுவினர் தன்னாதீனமுள்ள ஸ்தாபனம் வேண்டும் என்றனர். 1978இல் வர்கீஸ் குழுவினரும் அதையே கூறினர். 1990இல் பிரஸார் பாரதி சட்டம் நிறைவேறி, 1997இல்தான் அமலுக்கு வந்தது. பீல்டன் எந்த நினைப்போடு கப்பலேறி வந்தாரோ அது சட்டமாக அமலுக்கு வர அறுபத்திரண்டு ஆண்டுகள் பிடித்தன. சட்டத்தில் எழுதிய தன்னாதீனம் நடைமுறையில் எவ்வளவு என்ற வழக்கு அதன் பின்னரும் ஓயவில்லை. உள்ளூர் வானொலியோ இன்னும் தாமதித்தது. 2004 பிப்ரவரி முதல் தேதி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி தொடங்கிற்று. சுற்றுப்புறத்துக் குடியிருப்புகளின் பெண்களும் அதில் தங்கள் நிகழ்ச்சிகளைத் தாங்களே தயாரித்தனர். இத்தகைய நிலையங்களுக்குச் சாதாரணமாக அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 100 வாட். கிருஷ்ணசாமி செட்டியாரின் சங்கம் மூன்றே ஆண்டுகளில் எட்டியிருந்த 200 வாட்டில் அது பாதி.